மனைவி புலம்பல்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் எங்கள் சங்கத்துக்கு வேலை. இதில் ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. இலந்தையடி மாதர் முன்னேற்றச் சங்கம் என்பது பதிவுப் பெயர். சந்தியில் நிற்கிற பெடியள் வைத்த பெயர் செத்தவீட்டுச் சங்கம். பெடியள் சொன்னதிலும் பிழையில்லை. ஊருக்கு ஒரு நூல்நிலையம் வேண்டுமென்று நாங்கள் பணம் சேர்த்தது கல்வெட்டு எழுதித்தான்.

கல்வெட்டு என்றால் உளி கொண்டு கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அவர் பேரில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்த சனத்துக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அட்டையில் படம். உள்ளே வம்சம், வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவரும் தன் வாயால் அழுகிற மாதிரிப் பாட்டு இருக்கும். அழுகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு. அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் குறையாக எடுப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு நாங்கள் ஆசைப்பட்டு வரவில்லை. முதலில் கேக் செய்து விற்றோம். செய்தவர்களே வாங்கித் தின்றோம். பிறகு நாடகம் போட்டோம். மூன்றாம் காட்சியில் மழை பிடித்தது. கொட்டகைக்காரன் மட்டும் தன் கூலியை நனையாமல் வாங்கிக்கொண்டு போனான். சங்கத் தலைவி இராசமலரக்கா, ஆஸ்பத்திரி அப்போதிக்கரியாரின் மனைவி, ஊரில் எவருக்கும் பயப்படாதவர், அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"பத்மாசினி, உந்தக் கூத்துகள் எங்களுக்குச் சரிவராது. எங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்வம்."

எனக்குத் தெரிந்தது வெண்பா. பாலபண்டிதர் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான். பண்டிதர் பரீட்சைக்கு இருக்கு முன்னமே கலியாணம் கட்டி வைத்துவிட்டார்கள். வெண்பாவை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் பஞ்சலிங்கப் புலவர். சுற்றுவட்டாரத்துக் கல்வெட்டெல்லாம் அவர் கையால்தான். அவருக்குத் தளை தட்டாது, எதுகை பிழைக்காது, பெயர்தான் பிழைக்கும். ஒருவருக்கு எழுதிய பாட்டைப் பெயரை மட்டும் மாற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். முத்துக்குமாரு வாத்தியார் இறந்தபோது அதையும் மாற்ற மறந்துபோனார். அச்சுக்கூடத்திலிருந்து தாள் வந்தபோது பார்த்தால், வாத்தியாரின் பிள்ளைகள் எல்லாரும் "கனகலிங்கம் எனும் தந்தாய்" என்று கதறிக்கொண்டிருந்தார்கள். கனகலிங்கம் முந்திய ஆண்டு செத்துப்போன சுருட்டுக்கடை முதலாளி. வாத்தியாரின் மூத்த மகள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் அழுதழுது ஓடி வந்தாள். நான் உட்கார்ந்து முழுவதையும் புதிதாகப் பாடிக் கொடுத்தேன். வாத்தியார் பிரம்பை ஓங்குவார், அடிக்க மாட்டார். அதையும் ஒரு பாட்டில் வைத்தேன். அந்தியேட்டியன்று அந்தப் பாட்டுக்குச் சனம் சிரித்துக்கொண்டே அழுதது. கூலி என்று கொண்டு வந்ததை நூல்நிலைய நிதிக்குக் கொடுக்கச் சொன்னேன்.

அதோடு ஊருக்குத் தெரிந்துவிட்டது. இறந்தவரைப் பற்றி இறந்தவரையே வைத்து எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று நெல்லியடியிலிருந்தும் தேடி வந்தார்கள். வம்சம் இராசமலரக்காவின் பங்கு. யார் யாருக்கு எந்த வழியில் மச்சாள் என்பது அவருக்கு விரல் நுனியில். பாட்டும் வரலாறும் என்னுடையவை. எல்லாவற்றையும் அச்சுக்குப் பார்த்து எழுதுகிறவள் குணலட்சுமி. அவளுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். நெல்லியடி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற பிலிப்பு, "உங்கடை சங்கத்துத் தாள் வந்தால் எனக்கு வேலையே இல்லை, அக்கா" என்பான். கொழும்பில் கிளாக்காக இருந்த என் கணவர் லீவில் வந்தபோது, "நான் செத்தாலும் நீர்தானே எழுதுவீர்?" என்று கேட்டார். எழுதுவேன், ஆனால் சங்கத்துக்கு வழமையான நன்கொடை தரவேண்டும் என்றேன்.

இரண்டு ஆண்டில் இராசமலரக்காவின் விறாந்தையில் மூன்று அலுமாரி நிறையப் புத்தகம் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் பெண்கள் வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். சந்தியில் ஒரு வாசிகசாலை இருந்தது உண்மைதான். அங்கே பத்திரிகையும் கரம் பலகையும் ஆம்பிளைகளும் இருந்தார்கள். பெண்பிள்ளை ஒருத்தி உள்ளே காலெடுத்து வைத்தால் கரம் காய் அந்தரத்தில் நிற்கும். எங்களுக்கு வேண்டியது, கதிரையில் காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண் ஒரு பின்னேரம் முழுக்க வாசிக்கக்கூடிய இடம். இதைக் கிராமசபைத் தலைவரிடம் நேரே போய்க் கேட்டோம். அவர் நல்ல மனிதர். "சங்கத்தின்ரை பேரிலை ஒரு காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டுங்கோ, கட்டடம் நாங்கள் கட்டித் தாறம். ஆனால் இந்த வருசக் கடைசிக்கிடையிலை காட்டவேணும். இல்லாட்டி அந்தக் காசு பக்கத்து ஊருக்குப் போகும்" என்றார்.

காணியில்தான் எல்லாம் சிக்கியது. எங்கள் ஆட்கள் காணி விற்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பார்கள். காசு இருந்தும் ஒரு பரப்பு நிலம் வாங்க முடியாமல் ஆவணி, புரட்டாதி இரண்டும் போயின.

ஐப்பசியில் தில்லைநாதன் இறந்தார். குணலட்சுமியின் புருசன்.

தில்லைநாதனைப் பற்றிச் சொல்லவேண்டும். கலியாணம் முடித்த மூன்றாம் ஆண்டு அநுராதபுரத்தில் கடை வைக்கப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். அங்கே வேறொரு குடும்பம் என்று ஊர் முழுக்கத் தெரியும். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். தில்லைநாதன் யாவாரம் பார்க்கிறான் என்பதுதான் ஊர்ப்பேச்சு. குணலட்சுமிக்குப் பிள்ளை இல்லை. சட்டை தைத்துச் சீவித்தாள். தையல் இல்லாத நேரம் வாசித்தாள். எங்கள் மூன்று அலுமாரியையும் முழுக்க வாசித்து முடித்தவள் அவள் ஒருத்திதான். பதினொரு ஆண்டுக்குப் பிறகு, ஈரல் பழுதான மனிதரைக் காரில் கொண்டுவந்து அவள் படலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி பருக்கி, உடம்பு துடைத்து, மூன்று மாதம் பார்த்தாள். பிறகு அவர் கண்ணை மூடினார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் தில்லைநாதனின் தமையன் ஆழ்வாப்பிள்ளை இராசமலரக்கா வீட்டுக்கு வந்தார். சந்தியைச் சுற்றியுள்ள காணியில் பாதி அவருடையது. கதிரையில் இருந்து, சால்வையை மடியில் போட்டு, தொண்டையைச் செருமினார்.

"என்ரை தம்பிக்கு இந்த வடமராட்சி காணாத கல்வெட்டு ஒண்டு வேணும், பிள்ளையள். நல்லா எழுதித் தந்தியள் எண்டால் சந்தியடிக் காணி மூண்டு பரப்பையும் உங்கடை வாசிகசாலைக்கு எழுதுறன். தில்லைநாதன் ஞாபகார்த்தமா. அந்தியேட்டி அண்டைக்கே உறுதி முடிப்பம்."

நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். மூன்று பரப்பு! இராசமலரக்கா மட்டும் அசையவில்லை.

"நல்லது, ஆழ்வாப்பிள்ளை அண்ணை. வேறை ஏதும் இருக்கோ?"

"ஒண்டுதான். மனைவி புலம்பல் எட்டுப் பாட்டுக்குக் குறையக் கூடாது. உருகிப் பாடினதா இருக்கவேணும். ஊர்வாய் அதோடை மூடவேணும், விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. எட்டுப் பாட்டு எனக்கு ஒரு பின்னேர வேலை. அன்றைக்கு நான் சந்தோசப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வீட்டுக்கு வருகிற வழியிலேயே, அலுமாரியை எந்தச் சுவரோடு வைப்பது என்று மனதில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் குணலட்சுமி வீட்டுக்குப் போனேன். துடக்கு வீடு, சாவுத் தீட்டு இன்னும் கழியவில்லை. அவள் வெள்ளைச் சேலையோடு தையல் மெசினுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். ஆழ்வாப்பிள்ளை சொன்னதைச் சொன்னேன். காணி என்றபோது அவள் முகம் மலரவில்லை. புலம்பல் என்றபோது நிமிர்ந்தாள்.

"வரலாறு எழுதுங்கோ பத்மாக்கா. திதி வெண்பா எழுதுங்கோ. அவரின்ரை தமையன் புலம்பட்டும். மனைவி புலம்பல் மட்டும் வேண்டாம்."

"எடியே, அது வழக்கமெல்லோ. மனைவி இருக்கேக்கை மனைவி புலம்பல் இல்லாத கல்வெட்டு எங்கையடி இருக்கு?"

"நான் புலம்பேல்லை, அக்கா. செத்தவீட்டிலையும் பார்த்தனீங்கள்தானே. அழுகை வரேல்லை. வராததை வந்ததெண்டு அச்சடிக்கக் கூடாது."

சரி, இவள் பிடிவாதக்காரி, ஆனால் நான் பாலபண்டிதர். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆழ்வாப்பிள்ளைக்கும் இனிக்கவேண்டும், குணலட்சுமிக்கும் பொய்யாக இருக்கக்கூடாது. அதற்கென்றுதானே தமிழில் சிலேடை வைத்திருக்கிறார்கள்! அன்றைக்கு என் கை ஓடிய வேகத்தை என்ன சொல்ல. எட்டுப் பாட்டும் தண்ணீர் மாதிரி வந்தது. மூன்றாம் பாட்டு இப்படித் தொடங்கும்:

ஊரெல்லாம் தன்மனையாய் உகந்தவனே உறவென்று
யாரெங்கு நின்றாலும் அணைத்தவனே

மனை என்றால் வீடு. ஊரையே தன் வீடாக நினைத்த பெருமனதுக்காரன் என்று தமையன் உருகுவார். மனை என்றால் மனைவியுந்தான். தெரிந்தவர்கள் சால்வையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நல்ல சிலேடை. இன்றைக்கும் சொல்லுவேன், நல்ல சிலேடை.

குணலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பாட்டில் அவளுக்கு விளங்கிவிட்டது. துடக்கு வீடென்றும் பாராமல் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சரி, காரியம் முடிந்தது என்று தாளை மடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேண்டாம், அக்கா."

"இன்னும் என்னடி வேண்டாம்? இதிலை பொய் ஒரு சொல் இருக்கோ?"

"பொய் இல்லை. ஆனால் நான் சொன்னதில்லையே. அவர் போனாப்பிறகு பதினொரு வருசம் எனக்காக ஊர்தான் கதைச்சது. குணலட்சுமிக்கு ஒரு குறையுமில்லை, அவள் பொறுமைசாலி, அவளுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப நீங்களும் என்ரை வாயாலை கதைக்கப் போறியள். புகழ்ந்து கதைச்சாலென்ன, குத்திக் கதைச்சாலென்ன, கதைக்கிறது நீங்கள்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. அவ்வளவு நன்றாக விழுந்த பாட்டு. மூன்று பரப்புக் காணி. எத்தனை பேரின் சாவில் எழுதிச் சேர்த்த நூல்நிலையம். எழும்பி, இராசமலரக்கா வீட்டுக்கு நடந்தேன். போகிற வழியில், அவளை எப்படியும் சம்மதிக்க வைக்கவேண்டும் என்றுதான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். விறாந்தையில் ஏறியதும் என் வாயில் வந்தது வேறு.

"அக்கா, மனைவி புலம்பல் நான் எழுதித் தரமாட்டன்."

அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்குமட்டும் வெட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த மூன்று அலுமாரிக்கு முன்னால் நின்றார். அவருடைய ஆசை எனக்குத் தெரியும். நூல்நிலையத் திறப்பு விழாவுக்கென்று ஒரு காஞ்சிபுரம் சேலை வாங்கி வைத்திருந்தார். இரண்டு ஆண்டாக அது பெட்டியிலே கிடந்தது.

"சங்கத்திலை உள்ளவளின்ரை வாயை வித்துச் சங்கத்துக்குக் காணி வாங்கேலாது," என்றார். "வா, இப்பவே போய் அவருக்குச் சொல்லிப்போட்டு வருவம். நாளைக்கெண்டால் எனக்கு மனம் மாறினாலும் மாறிப்போடும்."

போனோம். ஆழ்வாப்பிள்ளை எங்களை நிற்க வைத்தே கேட்டார். முகம் கறுத்தது.

"அப்ப காணியும் இல்லை."

"ஓம், அது தெரிஞ்சுதான் வந்தனாங்கள்," என்றார் இராசமலரக்கா.

"உந்தப் பாட்டெழுத ஊரிலை வேறை ஆளில்லை எண்டு நினைப்போ? பஞ்சலிங்கப் புலவர் இன்னும் உயிரோடைதான் இருக்கிறார்."

இருந்தார். முத்துக்குமாரு வாத்தியார் விசயத்துக்குப் பிறகு அவருக்கு வேலை குறைந்து போயிருந்தது. பழைய கட்டுகளை அவிழ்க்க அவருக்கு இது நல்ல சாட்டு.

அந்தியேட்டிக்கு நாங்கள் போகாமல் இருக்கவில்லை. குணலட்சுமி எங்கள் ஆள். காலையில் கீரிமலைக் கடலில் கிரியை முடித்து வந்து, மத்தியானம் வீட்டுப் பந்தலில் சனம் நிறைந்திருந்தது. ஆழ்வாப்பிள்ளை தடித்த மட்டையில் கல்வெட்டு அடித்திருந்தார். படம் நன்றாக விழுந்திருந்தது. பாட்டு வாத்தியார் ஒருவர் நடுவில் இருந்து ராகத்தோடு வாசிக்கத் தொடங்கினார். திதி வெண்பா சுத்தம். தமையன் புலம்பலும் பரவாயில்லை. ஆழ்வாப்பிள்ளை உண்மையாகவே அழுதார். தம்பி மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு வாத்தியார் "மனைவி புலம்பல்" என்று தலைப்பைச் சொல்லி, முகாரியில் எடுத்தார்:

ஒருநாளும் எனைப்பிரிந்து உறங்காத உத்தமரே
இருமூன்று மக்களொடு எனைவிட்டுப் போனீரோ

பந்தலில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சனத்துக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஒருநாளும் பிரியாத தில்லைநாதன்! பிள்ளையில்லாத வீட்டில் இருமூன்று மக்கள்! பின்வரிசையில் யாரோ இருமினார். இருமல் அடுத்த வரிசைக்குத் தொற்றியது. பாட்டு வாத்தியாருக்கு எழுத்து மட்டும்தான் கண். அவர் அடுத்த அடியை இன்னும் உருக்கமாக இழுத்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து நல்லம்மா மாமி பதறி எழும்பினார். சுருட்டுக்கடைக் கனகலிங்கத்தின் மனைவி. ஆறு பிள்ளைக்காரி.

"ஐயோ! உது என்ரை புலம்பலெல்லோ! என்ரை அவருக்கு வைச்சதெல்லோ உது!"

அதற்கு மேல் பந்தலை யார் பிடிப்பது? பொத்திய கைகளுக்குள்ளால் சிரிப்பு வெடித்தது. ஆழ்வாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஞ்சலிங்கப் புலவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நல்லம்மா மாமிக்கோ உண்மையான அழுகை வந்துவிட்டது. அந்தப் பாட்டில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மெய்தானே.

குணலட்சுமி எழும்பி நின்றாள். துடக்கு முழுகி, ஈரத் தலையோடு வெள்ளைச் சேலையில் நின்றாள். அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று கண்டதும் சிரிப்பு தானாக அடங்கியது. அவள் நல்லம்மா மாமியிடம் போய், கையிலிருந்த கல்வெட்டை அவர் கையில் வைத்தாள்.

"ஓம் மாமி, உங்கடைதான். கொண்டுபோங்கோ. அவர் உங்களை ஒருநாளும் பிரிஞ்சு இருக்கேல்லை, அது எனக்கும் தெரியும்." பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "எனக்குச் சொல்ல இருக்கிறது இவ்வளவுதான். அவர் போனார். பதினொரு வருசம் வரேல்லை. வருத்தத்தோடை வந்தார், பார்த்தன். செத்துப்போனார். அவருக்கு நல்ல கதி கிடைக்கட்டும். எல்லாரும் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

எழுதுகிறவள் நான் சொல்கிறேன், அந்த ஊரில் நான் கேட்ட புலம்பல்களில் பொய்யே இல்லாதது அது ஒன்றுதான். யாரும் சிரிக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தி வைக்கச் சொன்னார். சாப்பிட்டு முடிந்து போகும்போது அவர் இராசமலரக்காவோடு கதைக்கவில்லை. காணி போனது போனதுதான்.

ஒரு கிழமை போனது. மார்கழி பிறக்கப் போகிறது. இராசமலரக்கா விறாந்தையில் நாங்கள் சங்கக் கூட்டம் என்று இருந்தோம். கூடிக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்து ஊரில் கட்டப்போகிற கட்டடத்துக்கு வாழ்த்துச் சொல்வதா விடுவதா என்று யாரோ பகிடியாகக் கேட்க, இராசமலரக்கா ஏசினார். அந்த நேரம் குணலட்சுமி வந்தாள். கையில் பழைய உறுதி ஒன்று, மஞ்சள் பூசிய துணியில் சுற்றியது.

"பஸ் றோட்டோடை என்ரை சீதனக் காணி இருக்கெல்லோ, அந்த நாலு பரப்புப் பனங்காணி. அதைச் சங்கத்துக்கு எழுதுவம்."

நாங்கள் அவளை வாய் பிளந்து பார்த்தோம். அந்தக் காணியை எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கிறோம். ஆனால் அதைக் கேட்கலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை. காரணம் இதுதான். எங்கள் தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணுடைய சொத்து. ஆனால் புருசன் உயிரோடு இருக்கும்வரை அவன் கையெழுத்தில்லாமல் அவள் அதை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. புருசன் விட்டுவிட்டுப் போனால் நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்க வழி உண்டு. அதற்குக் கூண்டில் நின்று, என்னை விட்டுவிட்டுப் போனார் என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும். குணலட்சுமி அதைச் செய்யவில்லை. பதினொரு ஆண்டு அந்தக் காணியில் பனம்பழம் விழுந்து அழுகியது. இப்போது அவள் கைம்பெண். யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

முதலில் வாய் திறந்தவர் இராசமலரக்கா.

"எடி கள்ளி! உதை மனசிலை வைச்சுக்கொண்டோ அண்டைக்கு எங்களைக் கொண்டுபோய் ஆழ்வாப்பிள்ளைக்கு முன்னாலை நிப்பாட்டினனீ? ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"துடக்குக் கழியட்டும் எண்டு இருந்தன், அக்கா." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்கள் ரண்டு பேரும் என்ன செய்வியள் எண்டு பார்ப்பம் எண்டும் இருந்தது."

"பார்த்தியோ?"

"பார்த்தன். பார்த்தபடியாத்தான் உறுதியைக் கொண்டுவந்தன்."

இராசமலரக்கா அவளைக் கட்டிப்பிடித்து, முதுகில் ஒரு அடியும் போட்டார். மூன்று அலுமாரியையும் திறந்து வைத்து உரக்கப் பாடவேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் கார் பிடிக்கிற அவசரம்.

நெல்லியடியில் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு தியாகலிங்கம் வயதானவர், நிதானமானவர். உறுதியை எழுதுவித்து, சாட்சிக்கு எங்கள் இருவரையும் இருத்தி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உரத்து வாசித்தார். எல்லைகள் நான்கும் வந்தன. பனைகள் வந்தன. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் வந்தன.

"இலந்தையடியில் வசிக்கும் குணலட்சுமியாகிய நான், எனக்குச் சீதனமாக வந்ததும் என் முழு உரிமைக்கும் ஆட்சிக்கும் உட்பட்டதுமான மேற்படி காணியை, எனது கணவரின் சம்மதத்தோடு..."

நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"மன்னிக்க வேணும், பிள்ளை. பழக்கதோசம். கலியாணம் முடிச்ச பெண்டுகளின்ரை உறுதியெல்லாத்திலையும் உந்த வரி தன்பாட்டிலை வந்துவிடும்."

பேனையைத் தோய்த்து அந்த வரியை வெட்டினார். ஒரே கோடு. வெட்டுக்குப் பக்கத்தில் தன் கையொப்பத்தையும் போட்டார்.

குணலட்சுமி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவீட்டில் வராத கண்ணீர், பந்தலில் வராத கண்ணீர், நொத்தாரிசின் மேசையில் வந்தது. சத்தமில்லாமல் வந்தது. நாங்கள் அதைப் பார்த்தும் பாராத மாதிரி இருந்தோம். நொத்தாரிசு பிளாஸ்கைத் திறந்து தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார்.

"மூண்டு மாசம் என்ரை வீட்டிலைதான் படுத்திருந்தவர்," என்றாள். "அறிவு தெளிவா இருந்தது. வந்த கிழமையே உந்தக் காணியை வாசிகசாலைக்குக் குடுப்பம் எண்டு நினைச்சனான். ஒருக்காக் கேட்டிருந்தால் கையெழுத்து வைச்சிருப்பார். எதைக் கேட்டாலும் செய்யிற நிலைமையிலைதான் அவர் இருந்தவர்."

"பின்னை ஏனடி கேக்கேல்லை?" என்றேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நொத்தாரிசின் கையிலிருந்து பேனையை வாங்கினாள்.

"கேட்டிருந்தால், அவர் குடுத்த காணி எண்டெல்லோ கதை வரும், அக்கா," என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையெழுத்து வைத்தாள்.